டேட்டாவை வெளியே விடாத ருவாண்டா, கூகுளிடம் வரி கேட்கும் கென்யா: இது தடையா, தற்காப்பா?

துறைமுகவாசி:
ஏற்றுமதி ஆவண வேலையில் இருப்பதால் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். 2018இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கையெழுத்தானது. எரித்ரியா தவிர எல்லா நாடுகளும் அதில் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் டிஜிட்டல் வணிகத்துக்கென்று தனி நெறிமுறையும் ஏற்கப்பட்டது. அதன் சாரம் இதுதான்: உறுப்பு நாடுகளுக்குள் மின்வழிப் பரிமாற்றத்துக்கு (இணையம் வழியே வரும் பாடல், புத்தகம், மென்பொருள் போன்றவற்றுக்கு) சுங்கம் கூடாது, டேட்டா எல்லை தாண்டிப் போகலாம், "சர்வரை எங்கள் மண்ணில்தான் வைக்க வேண்டும்" என்று வற்புறுத்தக் கூடாது. பொதுநலன் கருதிய விதிவிலக்குகள் உண்டு.

ஆனால் நாடுகள் நடந்துகொள்வது வேறு மாதிரி. தென்னாப்பிரிக்கத் தொலைபேசி நிறுவனமான எம்டிஎன் தன் ருவாண்டா கிளையின் கணினிச் சேவைகளை உகாண்டாவிலிருந்து நடத்தியது என்பதற்காக 2017இல் ருவாண்டா சுமார் 85 லட்சம் டாலர் அபராதம் போட்டது. இரண்டும் அக்கம்பக்கத்து நாடுகள், ஒரே கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் உறுப்பினர்கள். 2021இல் வந்த ருவாண்டா சட்டமும், அனுமதி பெறாவிட்டால் தனிநபர் டேட்டாவை நாட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்கிறது. நைஜீரியா 2013இலேயே அப்படியொரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நாட்டுக்கு ஒரு சர்வர் என்றால் பணக்கார நிறுவனம் சமாளித்துவிடும். உகாண்டாவின் கம்பாலாவில் பத்துப் பேரோடு ஆப் நடத்துகிறவர் என்ன செய்வார்? என் பார்வையில் இது தடைதான்.

வெண்ணிலவன்:
இந்தப் பேச்சில் எப்போதும் விடுபடுவது ஒன்று உண்டு. "டேட்டா சுதந்திரமாக ஓடட்டும்" என்று இத்தனை காலம் கேட்டவர்கள் யார்? கம்பாலாவின் பத்துப் பேர் கேட்கவில்லை. அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கேட்டன, அவர்களுக்காக அமெரிக்க அரசு கேட்டது. அதே அமெரிக்கா 2023 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தையில் டேட்டா ஓட்டம், சர்வர் இருப்பிடம் பற்றிய ஷரத்துகளுக்குத் தந்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. தன் நாட்டில் சட்டம் இயற்ற இடம் வேண்டும் என்று காரணம் சொன்னது. வாஷிங்டனுக்கு இடம் வேண்டுமென்றால் அது நிதானம், கிகாலிக்கு வேண்டுமென்றால் அது தடையா?

மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்கம் கூடாது என்ற உலக வர்த்தக அமைப்பின் ஏற்பாடு 1998இல் தற்காலிகமாகத்தான் வந்தது. அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து எதிர்த்ததற்குக் காரணம் உண்டு. அன்று குறுந்தகடாகவும் புத்தகமாகவும் கப்பலில் வந்து சுங்கம் கட்டியதெல்லாம் இன்று கம்பி வழியே வருகிறது. அரசின் வருவாயில் சுங்கத்தை நம்பியிருக்கும் பங்கு பணக்கார நாட்டில் சொற்பம், ஆப்பிரிக்காவில் அதிகம். இழப்பும் அங்கேதான் அதிகம்.

கயல்_நைரோபி:
இருவருக்கும் வணக்கம். நான் நைரோபியில் இருக்கிறேன். இங்கே கண்ணெதிரே நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு அம்மா கியோண்டோ விற்கிறார். கத்தாழை நாரில் கையால் பின்னிய கூடை, தோல் பிடி வைத்தது. மச்சாகோஸ் பக்கத்துப் பெண்கள் பின்னிக் கொடுக்க, இவர் இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார். நைரோபிக்காரர் வாங்கினால் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையில் இவர் கடையின் டில் எண்ணைத் தட்டுவார், அந்த நிமிடமே குறுஞ்செய்தி வந்துவிடும். அக்ராவிலிருந்து ஒருவர் வாங்கினால்தான் சிக்கல். கானாவில் அவரும் மொபைல் பணம் வைத்திருக்கிறார், ஆனால் இவர் கணக்கோடு அது பேசாது. கடைசியில் வங்கி வழி: கானாவின் சேடி டாலராகி, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு இடைநிலை வங்கியைத் தொட்டு, ஷில்லிங்காகி வந்து சேரும். வழியெல்லாம் கட்டணம். இந்த அம்மாவின் கைக்கு வரும்போது ஒரு கூடையின் லாபம் போயிருக்கும். அப்புறம் பார்சல் சுங்கத்தில் நிற்கும்.

ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையே போகும் பணத்தில் பெரும்பகுதி இப்படிக் கண்டத்துக்கு வெளியே சுற்றித்தான் வருகிறது. இதைச் சரிசெய்யத்தான் ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியான ஆஃப்ரிக்சிம் 2022 ஜனவரியில் அக்ராவில் பாப்ஸ் என்ற பணப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கியது. அனுப்புகிறவர் தன் நாணயத்தில் கட்டலாம், பெறுகிறவர் தன் நாணயத்தில் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் கூடைக்கார அம்மாவின் கைபேசி வரை அது இன்னும் வந்து சேரவில்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்ற சண்டை அவருக்கு எட்டாத உயரத்தில் நடக்கிறது.

எண்கணக்கு:
கயல் அக்கா சொன்னதோடு வரியையும் சேர்க்க வேண்டும். நான் வரிக் கணக்கு பார்ப்பவன்.

உகாண்டா 2018 ஜூலையில் வாட்ஸ்அப், பேஸ்புக், ட்விட்டர் பயன்படுத்த ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் என்று வரி போட்டது. அதே மாதம் மொபைல் பணத்துக்கு 1 சதவீதம். வரியிலிருந்து தப்ப, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் மென்பொருளை மக்கள் போட்டுக்கொண்டார்கள். மொபைல் பண வரியைச் சில மாதங்களிலேயே பாதியாக்கி, பணம் எடுப்பதற்கு மட்டும் என்று சுருக்கினார்கள். சமூக ஊடக வரியை 2021இல் கைவிட்டு, இணைய டேட்டா மீது 12 சதவீதம் வைத்தார்கள். கானாவில் 2022 மே மாதம் மின்வழிப் பணப் பரிமாற்றத்துக்கு 1.5 சதவீத வரி வந்தது. அதன் மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் கைகலப்பே நடந்தது. பிறகு 1 சதவீதமாகி, 2025 ஏப்ரலில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். கென்யா 2023இல் மொபைல் பணக் கட்டணத்தின் மீதான கலால் வரியை 12இலிருந்து 15 சதவீதமாக்கியது.

வெண்ணிலவன், இவை எதையும் வாஷிங்டன் கேட்டு வைக்கவில்லை. சொந்த அரசுகள், சொந்தச் சந்தையின் சின்ன வியாபாரிகள் மேல் வைத்தவை. ட்விட்டரை நைஜீரியா 2021 ஜூனிலிருந்து ஏழு மாதம் முடக்கியதையும் இதோடு சேருங்கள். அங்கே ஆர்டர் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு எந்த இழப்பீடும் இல்லை.

வெண்ணிலவன்:
எண்கணக்கு, மொபைல் பண வரியை நான் ஆதரிக்கவில்லை, ஒருபோதும் ஆதரிக்கப் போவதுமில்லை. ஏழையின் பரிமாற்றத்தில் கை வைப்பது அநியாயம். ஆனால் அதையும் பெருநிறுவனத்திடம் கேட்கும் வரியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கென்யா 2021 ஜனவரியில் டிஜிட்டல் சேவை வரி கொண்டுவந்தது, மொத்த வருவாயில் 1.5 சதவீதம். சில மாதங்களிலேயே உள்ளூர் நிறுவனங்களை விட்டுவிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் என்று திருத்தினார்கள். 2024 டிசம்பரில் அதன் இடத்தில் வேறொரு வரி வந்தது: வருவாயில் 10 சதவீதத்தை லாபமாக வைத்து, அதில் 30 சதவீதம். கணக்குப் போட்டால் வருவாயில் 3 சதவீதம். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் கென்யாவின் டிஜிட்டல் வரியைத் தன் வர்த்தகத் தடைகள் அறிக்கையில் எழுதிவைத்தது. நைரோபியில் கடை போட்டிருக்கும் துணி வியாபாரி வரி கட்டுகிறார். அதே நைரோபிக்காரருக்கு விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கும் நிறுவனம் கட்டக் கூடாதா? 2021 அக்டோபரில், பெருநிறுவனங்கள் எங்கே, எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பதற்கான உலக வரி உடன்பாட்டில் 140 நாடுகளில் 136 சேர்ந்தன. சேராத நான்கு எவை தெரியுமா? கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. சொந்த வரியைக் கைவிடச் சொல்லி, பதிலுக்குக் கிடைப்பது சொற்பம் என்று தெரிந்துதான் கென்யாவும் நைஜீரியாவும் விலகி நின்றன.

தென்னாப்பிரிக்காவையும் பாருங்கள். உடைகளை மொத்தமாக இறக்குமதி செய்பவருக்கு 45 சதவீதச் சுங்கம், அதற்கு மேல் வாட். ஷீன், டெமு போன்ற இணையக் கடைகள் வழியாக 500 ரேண்டுக்குக் குறைவான பார்சலாக வந்தால் வெறும் 20 சதவீதம்தான் வாங்கினார்கள், வாட் கிடையாது. 2024 செப்டம்பரில்தான் 15 சதவீத வாட் சேர்த்தார்கள். அந்த இடைவெளியில் நசுங்கியவர்கள் அங்கே துணி தைக்கிறவர்கள். விதி போடாததும் ஒருவருக்கு அநீதிதான்.

துறைமுகவாசி:
வரியில் உங்களோடு பெரிய சண்டை இல்லை. நான் பேசியது சர்வர் கட்டாயத்தை. அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வெண்ணிலவன்:
சொல்கிறேன். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்டின் அபிஜான் அருகே கடலுக்கடியில் நான்கு கேபிள்கள் சேதமாகி மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் இணையம் முடங்கியது. வங்கிகள் தடுமாறின. எல்லாவற்றையும் ஐரோப்பாவில் வைத்துவிட்டுக் கடலடிக் கம்பியை நம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். உள்நாட்டிலேயே சர்வர் வைப்பது ஆடம்பரம் இல்லை.

துறைமுகவாசி:
உள்நாட்டில் வைப்பது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. அதைச் சட்டத்தால் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. கென்யாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு இறுதியில் உள்ளூர் இணைய நிறுவனங்கள் சேர்ந்து நைரோபியில் ஒரு இணைப்பு மையம் தொடங்கின. ஒரு கென்யர் இன்னொரு கென்யருக்கு அனுப்பும் மின்னஞ்சல் செயற்கைக்கோள் வழியே வெளிநாடு போய்த் திரும்பாமல், ஊருக்குள்ளேயே கைமாறுவதற்காக. ஏகபோக உரிமை வைத்திருந்த அரசுத் தொலைபேசி நிறுவனம் புகார் செய்தது. கட்டுப்பாட்டு ஆணையம் ஓரிரு வாரத்தில் மையத்தையே மூடிவிட்டது! லைசென்ஸ் வாங்கி மறுபடி திறக்க 2002 ஆகிவிட்டது. டேட்டா உள்ளூரில் தங்க வழி செய்தவர்களைத் தடுத்ததே ஒழுங்குமுறைதான்.

பிறகு என்ன நடந்தது? 2012இல் கென்யா, நைஜீரியா இரண்டிலும் இணையப் போக்குவரத்தில் 30 சதவீதம்தான் உள்ளூரில் கைமாறியது. 2020இல் அது 70 சதவீதம். இணைப்பு மையங்களும் தரவு மையங்களும் வளர்ந்ததும், உள்ளடக்க நிறுவனங்கள் தாங்களாகவே அங்கே சர்வர் கொண்டுவந்து வைத்ததும்தான் காரணம். கென்யாவில் இதற்குக் கட்டாயச் சட்டம் தேவைப்படவில்லை. மின்சாரம், கம்பி, நியாயமான வாடகை மூன்றும் இருந்தால் சர்வர் தானே வரும். இவை இல்லாத ஊரில் சட்டம் போட்டால் டீசல் ஜெனரேட்டருக்குத்தான் செலவு கூடும், அதையும் வாடிக்கையாளர்தான் கட்டுவார்.

கயல்_நைரோபி:
இந்தக் கதையை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

ஆனால் அடுத்த சண்டை வேறு இடத்தில் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் வணிகத்துக்கான புதிய நெறிமுறைக்கு எட்டு இணைப்பு ஆவணங்கள் உண்டு. பணப் பரிமாற்றம், டேட்டா, டிஜிட்டல் அடையாளம் எல்லாம் அதில் வருகின்றன. அவற்றில் ஒன்று தோற்ற விதி, அதாவது எந்த டிஜிட்டல் பொருளை "ஆப்பிரிக்கப் பொருள்" என்று கணக்கில் எடுப்பது என்பது. கூடைக்கு இது எளிது, நார் மச்சாகோஸில் விளைந்தது, கை மச்சாகோஸ் கை. ஆப்புக்கு எப்படிச் சொல்வது?

வெண்ணிலவன்:
உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மொரீஷியஸில் ஒரு கிளை அலுவலகம் திறந்து பலகை மாட்டிவிட்டு, எல்லாப் பெருநிறுவனமும் "நாங்களும் ஆப்பிரிக்கர்கள்" என்று சுங்கம் இல்லாமல் நுழைந்துவிடும். இதில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

கயல்_நைரோபி:
அப்படிப் பார்த்தால் ஜூமியா என்ற இணையக் கடை வெளியே போய்விடும். லாகோஸில் தொடங்கி, ஆப்பிரிக்காவில் மட்டுமே விற்று, ஜெர்மனியில் பதிவாகி, 2019இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் அது. அப்போதே "இது ஆப்பிரிக்க நிறுவனமா" என்று பெரிய விவாதம் நடந்தது. அதைக்கூட விடுங்கள். இங்கே நைரோபியில் நாலு இளைஞர்கள் ஆப் எழுதினாலும், முதலீட்டாளர் கேட்பது "அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு வாருங்கள்" என்றுதான். அவர்கள் புரோகிராம் எழுதுவது இங்கே, சம்பளம் தருவது இங்கே, வாடிக்கையாளர் இங்கே. பங்குப் பத்திரம் மட்டும் அமெரிக்காவில். உங்கள் விதி முதலில் அடிப்பது இவர்களைத்தான் வெண்ணிலவன். வேலை எங்கே நடக்கிறது, சம்பளம் எங்கே போகிறது என்று பார்க்கும் விதியாக இருந்தால் நானும் உங்கள் பக்கம்.

வெண்ணிலவன்:
சம்பளத்தை அளவுகோலாக வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாபம் எங்கே போகிறது என்பதையும் அதோடு சேர்த்தே எழுத வேண்டும். புரோகிராம் எழுதியவர் கையில் சம்பளம் மட்டும் மிஞ்சி, நிறுவனத்தை விற்கும்போது வரும் பணம் முழுவதும் டெலவேரில் கைமாறினால், கென்ய வரித்துறை அதை எப்படிப் பிடிக்கும்? எண்கணக்கு, இதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.