மெனோர்க்கா திருவிழால ஆடுற ராட்சச பொம்மை: உள்ள யாரு இருக்கா?

உப்புக்காத்து:
ஸ்பெயின் பக்கம் மெனோர்க்கா தீவு, அதுல மாவோன்னு ஒரு ஊரு. செப்டம்பர்ல நடக்குற கிராசியா திருவிழா வீடியோ ஒண்ணு நேத்து கண்ணுல பட்டுச்சு, ஒரு ஆண் பொம்மை ஒரு பெண் பொம்மை, முதல் மாடி பால்கனில நிக்கிற பாட்டிக்கு நேரா முகம் வர்ற அளவு உயரம், ரெண்டும் ஜோடியா சுத்தி சுத்தி ஆடுது. பாட்டு நின்னதும் அந்த பெண் பொம்மையோட பாவாடைய தூக்கிட்டு சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்ச ஒரு பையன் வெளிய வந்தான், தண்ணி குடிச்சான், அடுத்தவன் உள்ள போயிட்டான். அதுக்கப்புறம் எனக்கு பொம்மை மேல கண்ணே போகல, அந்த பையன் நினைப்பாவே இருக்கு. எவ்ளோ வெயிட்டு, எதை பார்த்து நடக்குறான், இது எப்பலேர்ந்து நடக்குது? மத்த தீவுலயும் உண்டா?

ஒன்றரைக்கண்:
நான் பக்கத்து தீவு மயோர்க்கால மூணு வருஷம் இருந்தேன், அங்கயும் இதே கதைதான். பேரு ஜெகான்ட்ஸ், ராட்சசர்கள்னு அர்த்தம். தூக்குற பசங்க எல்லாம் அந்தந்த ஊர்க்காரங்க, வேற வேலை பாக்குறவங்கதான். ஒரு தடவை ஒத்திகைல என்னையும் உள்ள விட்டாங்க. கீழ ஸ்டூல் மாதிரி நாலு கால் சட்டம், குனிஞ்சு நுழைஞ்சு தோள்ல ஏத்திக்கணும், 40-50 கிலோ இருக்கும்னாங்க, பழசுன்னா இன்னும் ஜாஸ்தியாம். பொம்மையோட வயித்துகிட்ட சின்னதா ஒரு ஓட்டை, அதுதான் நமக்கு கண்ணு. எனக்கு தெரிஞ்சதெல்லாம் முன்னாடி போறவரோட முதுகும் கொஞ்சம் ரோடும்தான் 😄

வெயிட்டு கூட பரவால்ல, சுத்த ஆரம்பிச்சுட்டா நிறுத்துறதுதான் கஷ்டம். நீங்க நின்னுடுவீங்க, மேல இருக்குறது நிக்காது, அது பாட்டுக்கு இன்னும் கால் சுத்து போகும், இடுப்பு கழண்டுரும். கையி ரெண்டும் சும்மா தொங்கவிட்டிருக்காங்கல்ல, அது சுத்துறப்ப வெளிய பறக்கும், கிட்ட நிக்கிற ஆளுக்கு கன்னத்துல ஒண்ணு விழுறது சகஜம். காத்தடிச்சா பாவாடை கப்பல் பாய் மாதிரி உப்பிக்கும், அன்னிக்கு ஒத்திகைய பாதில நிறுத்துனதே அதனாலதான்.

அந்த வாத்தியத்தையும் கவனிங்க. ஷெரெமியான்னு ஆட்டுத்தோல் பை வெச்ச ஊதுகுழல் ஒருத்தர் வாசிப்பார், பக்கத்துல இன்னொருத்தர் இடது கைல குட்டி புல்லாங்குழல், வலது கைல குச்சி, கைல தொங்குற சின்ன மேளத்தை அடிச்சிட்டே ஊதுவார். ரெண்டு வாத்தியம் ஒரே ஆளு. உள்ள இருக்கறவனுக்கு எதுவும் தெரியாது, அந்த மேளத்த நம்பித்தான் கால் வைப்பான்.

பழையபேப்பர்:
வரலாறு கேட்டீங்களே. கிறிஸ்தவங்களோட கார்ப்பஸ் கிறிஸ்டி ஊர்வலத்துல பைபிள் கதைய ஜனங்களுக்கு காட்டுறதுக்காக வந்த பொம்மைங்க இது. 1424ல பார்சிலோனா ஊர்வலத்துல பைபிள் ராட்சசன் கோலியாத் வந்தாருன்னு பதிவு இருக்கு, இந்த தீவுகளும் அப்போ அதே அரகான் ராஜ்யம்தான். அப்புறம் சாமிய பாக்க வர்ற கூட்டம் பொம்மையத்தான் பாக்குதுன்னு ஆயிடுச்சு போல, 1780ல ஸ்பெயினோட மூணாம் கார்லோஸ் ராஜா சாமி ஊர்வலத்துல ராட்சச பொம்மை கூடாதுன்னு உத்தரவே போட்டுட்டாரு. ஆனா பொம்மை ஒழியல, கோயில் ஊர்வலத்துலேர்ந்து ஊர்த் திருவிழா பக்கம் வந்துடுச்சு. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சி முடிஞ்சப்புறம் 80கள்ல நிறைய ஊர்ல புதுசா செஞ்சாங்க. முன்னல்லாம் தலை காகிதக்கூழ்ல செய்வாங்க, இப்போ ஃபைபர் கிளாஸ் நிறைய.

தீவுப்பூனை:
மத்த தீவா? இத்தாலியோட சிசிலி தீவுல மெசினா போங்க, ஆகஸ்ட் 15க்கு முன்னாடி மாட்டா, கிரிஃபோனேன்னு ரெண்டு பேர் குதிரை மேல வருவாங்க, கிட்டத்தட்ட 8 மீட்டர் உயரம். கிரிஃபோனே கறுப்பு நிற மூர் வீரன், அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம், மாட்டா அந்த ஊர்ப் பொண்ணு, கல்யாணம் பண்ணி மெசினாவ உருவாக்குனாங்கன்னு கதை. இந்தோனேசியாவோட பாலி தீவுல நியெபிங்கிற மௌன நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓகோ-ஓகோ, மூங்கில் கட்டின பூத பொம்மைங்க, நாற்சந்தில சுத்திட்டு நிறைய எரிச்சிடுவாங்க, மறுநாள் தீவே கப்சிப், ஏர்போர்ட் கூட மூடிடும். எனக்கு இதுதான் டாப்பு, மத்ததெல்லாம் இது பக்கத்துல நிக்க முடியாது.

ஒன்றரைக்கண்:
பூனை, உயரத்துல நீங்க ஜெயிச்சீங்க ஒத்துக்குறேன். ஆனா மெசினா ஆளுங்களுக்கு சக்கரம் இருக்கு, அது தேர் கணக்கு. பாலில மூங்கில் சட்டத்த ஒரு கூட்டமே தோள்ல தூக்குது, எல்லார் மூஞ்சியும் வெளிய தெரியும், கத்துவாங்க சிரிப்பாங்க. ஜெகான்ட்ல ஒத்த ஆளு, இருட்டுல. கை தட்டுற ஜனத்துக்கு அவன் யாருன்னே தெரியாது, அவனுக்கும் அவங்க முகம் தெரியாது. உப்புக்காத்துக்கு அந்த பையன் மனசுல நின்னது அதனாலதான்னு நினைக்குறேன்.

தீவுப்பூனை:
சரி விடுங்க, அந்த ஒத்த ஆளு விஷயம் வாஸ்தவம்தான். ஆனா ராத்திரி தீவட்டி வெளிச்சத்துல பூதம் ஆடுறத நேர்ல பாருங்க, அப்புறம் பேசலாம்.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. அந்த வீடியோவ திரும்ப போட்டு பார்த்தேன், அந்த பெண் பொம்மை வயித்துகிட்ட நிஜமாவே கருப்பா ஒரு சின்ன வலை தெரியுது, இத்தனை நேரம் துணி டிசைன்னுல்ல நினைச்சிருந்தேன்!