தொடக்கத்திலேயே பதவி உயர்ந்து வரும் வீரரை ஒதுக்கி வைக்க வேண்டுமா?

இரங்கூன்காரன்:
அனைவருக்கும் வணக்கம். மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில் நானும் என் தம்பியும் பழைய கேம் பாய் அட்வான்ஸ் கையடக்கக் கருவியில் ‘ஃபயர் எம்பிளம்: தி சேக்ரட் ஸ்டோன்ஸ்’ என்ற போர்த்தந்திர ஆட்டத்தை ஆடி வருகிறோம். இளவரசி எய்ரிக்காவுக்குத் துணையாக வரும் சேத், மற்றவர்கள் பல அத்தியாயங்கள் உழைத்துப் பெறும் பாலடின் (உயர்நிலைக் குதிரைவீரர்) பதவியோடு முதலிலேயே வந்துவிடுகிறார். அவர் கொன்றால் இளையவர்களுக்குச் சேர வேண்டிய அனுபவப் புள்ளி வீணாகிறது என்று தம்பி அவருடைய ஆயுதங்களை எல்லாம் எடுத்துவிட்டு மூலையில் நிறுத்துகிறான். நேற்று முதல் அத்தியாயத்திலேயே எங்கள் இளம் குதிரைவீரன் ஃபிரான்ஸ் இறந்துவிட்டான். இறந்தவர் திரும்பாத ஆட்டம் என்பதால் மறுபடியும் தொடங்கினோம். தம்பி செய்வது சரிதானா?

பெகுவாசி:
தம்பியின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1990-இல் வெளிவந்த முதல் ஃபயர் எம்பிளத்தில் ஜேகன் என்ற மூத்த பாலடின் தொடக்கத்தில் படையைத் தாங்குவார், பிறகு அநேகமாக வளரவே மாட்டார். இப்படி வருபவர்களை ஆட்டக்காரர்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். 2002-இல் வந்த ‘தி பைண்டிங் பிளேடு’ ஆட்டத்தின் மார்க்கசும் அந்த வழியில் வந்தவர்தான்: ஒவ்வொரு நிலை உயர்விலும் அவருடைய வலிமை கூடும் வாய்ப்பு 25 சதவீதம், தற்காப்புக்கு 15. சேத் அப்படிப்பட்டவர் அல்லர். அவருக்கு வலிமை 50, தற்காப்பு 40. இளைஞனான ஃபிரான்சுக்கே 40, 25 தான். பிள்ளையைவிட வேகமாக வளரும் பெரியவரை மூலையில் உட்கார வைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

மோல்மேன் அக்கா:
பெகு அண்ணன் சொன்ன எண்கள் சரி, ஆனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சேத்துக்கு இன்னும் 19 நிலைகளே ஏற முடியும்; ஃபிரான்ஸ் பதவி உயர்வுக்கு முன்னும் பின்னுமாக 38 வரை ஏறலாம். அதோடு, பதவி உயர்ந்தவரின் நிலையோடு 20-ஐக் கூட்டித்தான் ஆட்டம் அனுபவத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே ஒன்றாம் நிலையில் நிற்கும் சேத்துக்கு 21-ஆம் நிலைக்காரருக்குரிய சிறு புள்ளியே கிடைக்கும். எனவே அவர் அடிக்கட்டும், கொல்வதை இளையவர்களுக்கு விடட்டும். பலமான வெள்ளி ஈட்டியை மட்டும் எடுத்து வைத்து, பலம் குறைந்த இரும்பு வாள் கொடுத்து முன்னே நிறுத்துங்கள். எதிரிகள் அவர்மேல் மோதிக் காயப்பட்டுக் கிடப்பார்கள். முதல் அத்தியாயத் தலைவன் கவசக்காரன், எய்ரிக்காவின் ரேப்பியர் என்ற மெல்லிய வாள் கவசத்தின் மேல் கூடுதலாகப் பாயும்; அவனைச் சேத்திடம் விட்டுவிடாதீர்கள். யாராவது தடுமாறினால், குதிரைமேல் இருக்கும் சேத் தூக்கிக்கொண்டு பின்வாங்கவும் முடியும், தம்பி இதைக் கவனித்தானா என்று தெரியவில்லை.

இரங்கூன்காரன்:
அக்கா, மிக்க நன்றி. இன்று மாலை அப்படியே ஆடினோம். இரண்டு கோடாலிக்காரர்கள் சேத்தை அடித்துக் காயப்பட்டு நின்றார்கள். ஃபிரான்ஸ் ஒருவனை முடித்தான், இன்னொருவன் திருப்பி அடித்ததில் ஃபிரான்சுக்கு 4 உயிர்ப்புள்ளிதான் மிஞ்சியது. சேத் அவனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு பின்வாங்கியதும் தம்பி மூச்சை விட்டான். தலைவனை எய்ரிக்காவே வென்றாள். வெள்ளி ஈட்டி மட்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. அதை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.