லண்டன் - சிட்னி போக 34 மணி நேரம், வர 15 தானா??

ஜன்னல்சீட்: அக்கா டிசம்பர்ல லண்டன்ல இருந்து சிட்னி வர்றாங்க, வியாழன் ராத்திரி 9 மணிக்கு கிளம்பி சனிக்கிழமை காலைல 7 மணிக்கு இறங்குறாங்க, எண்ணிப்பாத்தா 34 மணி நேரம் வருது. திரும்பிப் போறது ஏப்ரல் கடைசி, சாயங்காலம் 4 மணிக்கு ஏறி மறுநாள் காலைல 7 மணிக்கு லண்டன், அதாவது 15 மணி நேரம்தான். தூரம் 17,000 கிமீ, 900 ஸ்பீடுன்னு வச்சா 19 மணி நேரம் வரணும்ல? காத்து அவ்ளோவா தள்ளும்? நடுவுல சிங்கப்பூர்ல மட்டும் ஒரு ஸ்டாப்.

ரன்வே_ராஜா: காத்து பாவம் ப்ரோ, அது மேல பழி போடாதீங்க 😀 டிக்கெட்ல கிளம்புற நேரம் கிளம்புற ஊர் கணக்கு, இறங்குற நேரம் இறங்குற ஊர் கணக்கு. டிசம்பர்ல சிட்னி லண்டனை விட 11 மணி நேரம் முன்னாடி, அதனால 34ல 11 கழிச்சா 23. திரும்பும்போது கூட்டணும், ஆனா 11 இல்ல, 9. ஏப்ரல் கடைசில லண்டன்ல கோடை நேரம்னு கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளியிருப்பாங்க, சிட்னில கோடை நேரம் முடிஞ்சு ஒரு மணி பின்னாடி இழுத்திருப்பாங்க. 15+9=24. வித்தியாசம் வெறும் ஒரு மணி நேரம்.

ஜன்னல்சீட்: அட ஆமால்ல! அந்த 9 தான் எனக்கு உதைச்சுது, 11ன்னே போட்டு 26 வந்து குழம்பிட்டேன். சரி 23 எப்படி, 19 தானே வரணும்?

மேகம்தாண்டி: லண்டன்-சிங்கப்பூர் கிட்டத்தட்ட 10,900 கிமீ, 13 மணி நேரம். அங்கேருந்து சிட்னி 6,300, ஒரு 8 மணி நேரம். நடுவுல ரெண்டு மணி நேரம் உக்காரணும், 23 ஆச்சா. டிக்கெட்ல போட்ட நேரம் கேட்ல இருந்து நகர்றதுல ஆரம்பிச்சு அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது எல்லாம் அதுல சேரும், முழுக்க 900ல பறக்காது. அந்த 17,000ம் உருண்டை மேல நேரா கயிறு பிடிச்ச தூரம்தான், அந்தக் கோடு ரஷ்யா மேல போகுது, 2022ல உக்ரைன் போர் வந்ததுக்கு அப்புறம் நிறைய ஏர்லைன்ஸ் அந்தப் பக்கமே போக முடியல. ராஜா சொன்ன அந்த ஒரு மணி நேரத்துல காத்துக்கும் பங்கு இருக்கு, மேல ஜெட் ஸ்ட்ரீம்ங்கிற வேகமான காத்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடும், வரும்போது முதுகுல தள்ளும், போகும்போது மூஞ்சில அடிக்கும்.

ரன்வே_ராஜா: நிக்காமலே போயிருக்காங்க தெரியுமா, 2019 நவம்பர்ல ஆஸ்திரேலியா ஏர்லைன் குவாண்டாஸ் சோதனைக்கு லண்டன்-சிட்னி ஒரே மூச்சுல 19 மணி 19 நிமிஷம். உள்ள 50 பேர் மாதிரிதான், ஃபுல் லோடு ஏத்தினா அந்த விமானத்துக்கு அவ்ளோ தூரம் எட்டாது.

ஜன்னல்சீட்: அப்போ என் 19 மணி நேரக் கணக்கு தப்பே இல்ல, விமானம்தான் நிக்குது 😂 அக்காகிட்ட சொல்றேன். சனிக்கிழமை 7 மணிக்கு சிட்னி ஏர்போர்ட்ல நிக்கணும், வெள்ளிக்கிழமைன்னு லீவு போட்டு வச்சிருந்தேன்...