அப்பத்தா பாடிய தாலாட்டுக்கு நாய்ஸ் சப்ரஷன் போடலாமா?

பள்ளத்தூர் பேரன்:
அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கொள்ளுப்பேத்தியைத் தொட்டிலில் போட்டு அவர் பாடிய தாலாட்டுகளை யூஎஸ்பி மைக் வைத்து லேப்டாப்பில் பதிவு செய்திருக்கிறேன். இடம் எங்கள் வீட்டுப் பட்டாலை, அதாவது பெரிய கூடம். பின்னணியில் ஃபேன், நடுவில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் உறுமல், தெருவில் டிராக்டர். ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், இரைச்சலை நீக்கும் (நாய்ஸ் சப்ரஷன்) ஆர்என்நாய்ஸ் ப்ளகின் என்ற துணை நிரல் ஒன்றைப் போட்டேன், ஃபேன் சத்தம் மொத்தமாகக் காணாமல் போய்விட்டது. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே பாராட்டு. பெரிய அத்தை மட்டும் "ஆத்தா குரலு மாதிரியே இல்லையேப்பா" என்கிறார். மிச்சமுள்ள பாட்டுகளுக்கும் இதையே போடவா, வேண்டாமா?

காரைக்குடி மைக்செட்:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. பாட்டு நாலு பேர் காதுக்குப் போகத்தானே? ஃபேன் இரைச்சலோடு போட்டால் அரை நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். காசில்லாமல் கிடைப்பதில் ஆர்என்நாய்ஸ் நல்ல சரக்கு. நேரலைக்கும் பதிவுக்குமான ஓபிஎஸ் மென்பொருளில்கூட உள்ளேயே வைத்திருக்கிறார்கள். அத்தைகளுக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு குறை இருக்கும், அதை விடுங்கள்.

கோட்டையூர்க்காரி:
அத்தையை அப்படித் தள்ளிவிடாதீர்கள் அண்ணே. அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்ட காது அது.

ஆர்என்நாய்ஸ் எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பேச்சுக்காக, அதுவும் அழைப்பில் உடனுக்குடன் ஓடுவதற்காக. ஒலியைப் பத்து மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 22 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, "இந்தப் பட்டையில் எவ்வளவு பேச்சு" என்று ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க் கணித்து, அதற்கேற்பப் பட்டையின் சத்தத்தைக் குறைக்கிறது. பேச்சுக்கு அது போதும். தாலாட்டில் மூச்சு இழுப்பது, வாய் மூடி மூக்கில் இழைப்பது, "ரோ" என்று நாக்கைச் சுழற்றுவது, கடைசி உயிரெழுத்து தேய்ந்து அடங்குவது எல்லாமே பாட்டுதான். ப்ளகினுக்கு அது தெரியாது. குரல் மெலிந்தால் இரைச்சல் என்று முடிவுகட்டிவிடும்.

காரைக்குடி மைக்செட்:
தெரியாததை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குத்தானே செட்டிங்ஸ். தம்பி, உங்கள் ப்ளகினில் விஏடி த்ரெஷோல்ட் என்று ஒன்று இருந்தால் அதை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

பள்ளத்தூர் பேரன்:
இருக்கிறது அண்ணே. 85 சதவீதம்.

காரைக்குடி மைக்செட்:
அடடா. குரல்தான் என்று 85 சதவீதம் நிச்சயமானால்தான் வாசலைத் திறப்பேன் என்று வைத்திருக்கிறீர்கள். கூட்டம் நடக்கும் இடத்தில் பேச்சாளருக்கு அது சரி. பாட்டுக்குச் சுழியத்துக்குப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். அதன் கீழே கிரேஸ் பீரியட் இருக்கும், குரல் நின்ற பிறகும் எவ்வளவு நேரம் வாசலைத் திறந்து வைப்பது என்பதற்கு. அதைக் கூட்டுங்கள். வரியின் கடைசி எழுத்து வெட்டுப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் ப்ராஜெக்டின் சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா? இந்த மாடல் 48-க்கென்றே பழக்கப்படுத்தப்பட்டது. 44.1-இல் வைத்துவிட்டுப் ப்ளகினைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அக்கரைச்சீமை:
நான் கோலாலம்பூர். தினமும் ரயிலில்தான் பாட்டுக் கேட்பது. கோட்டையூர் ஆச்சிக்கு என் கேள்வி: ஃபேனும் டிராக்டரும் கலந்த பதிவை இங்கே ரயில் இரைச்சலுக்குள் வைத்து நான் எப்படிக் கேட்பது? என் பிள்ளைகளுக்கு ஊர்த் தமிழே பாதிதான் புரிகிறது. வார்த்தை தெளிவாகக் காதில் விழுந்தால்தான் ஒன்றிரண்டாவது பிடித்துக்கொள்வார்கள். சுத்தம் செய்ததில் கொஞ்சம் உயிர் குறைந்தாலும் எங்களுக்கு அதுதான் வேண்டும்.

கோட்டையூர்க்காரி:
கேட்பதற்கென்று ஒரு பிரதி சுத்தம் செய்து எடுங்கள் தம்பி, நான் மறுக்கவே இல்லை. மூலக் கோப்பைத் தொடக்கூடாது என்பதுதான் என் கட்சி. பள்ளத்தூர் தம்பி ப்ளகினைப் பதிவு செய்யும்போதே போட்டாரா, பிறகு போட்டாரா என்று இன்னும் சொல்லவில்லை. போகிற போக்கிலேயே போட்டிருந்தால் மூலம் என்று எதுவுமே இல்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா கதைதான்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேகரிப்பதோடு நிறுத்தவில்லை. நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்து 1994-இல் சென்னையில் நூலகம் வந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று அன்றைக்கே அவர் பொறுக்கியிருந்தால் இன்றைக்கு அங்கே பாதி இருக்காது. தொட்டில் சங்கிலி கிறீச்சிடுவதும் எனக்கு அந்த வகையில்தான் சேரும். அந்தக் கிறீச்சுக்குத்தான் அப்பத்தா தாளம் பிடிக்கிறார், கவனித்தீர்களா?

காரைக்குடி மைக்செட்:
ஆச்சி, காகிதம் வேறு, ஃபேன் இரைச்சல் வேறு. ஃபேன் காற்றை யார் ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள்?

பள்ளத்தூர் பேரன்:
பிறகுதான் போட்டேன் ஆச்சி. மூலம் சுருக்கப்படாத 24 பிட் வேவ் கோப்பாக அப்படியே இருக்கிறது. இடம்தான் பயங்கரமாக அடைக்கிறது.

கோட்டையூர்க்காரி:
48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்பி. கல்யாண வீடியோவுக்குக் கொடுக்கும் இடத்தில் இது ஒரு மூலைக்குக்கூட வராது. அழிக்காதீர்கள். ஒலிக்காப்பகங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலும் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள், காப்புப் பிரதியில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. பத்து வருடத்தில் இதைவிட நல்ல ப்ளகின் வரும். அப்போது அதனிடம் கொடுக்க மூலம் வேண்டுமே.

இன்னொன்று செய்து பாருங்கள். ப்ளகின் எதை எடுத்தது என்று தனியாகக் கேளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் நாய்ஸ் ரிடக்‌ஷனில் ரெசிட்யூ என்று ஒரு தேர்வு இருக்கும், நீக்கிய ஒலியை மட்டும் ஒலிக்கவிடும். ரீப்பரில் என்றால் சுத்தம் செய்த டிராக்கின் ஃபேஸை, அதாவது அலையின் மேல்கீழைத் தலைகீழாக்கி மூலத்தோடு சேர்த்து ஓட்டுங்கள், இரண்டிலும் பொதுவானது அடிபட்டு நீக்கியது மட்டும் கேட்கும். ப்ளகின் தாமதத்துக்கேற்ப இரண்டையும் நேராக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே கேட்கும்.

பள்ளத்தூர் பேரன்:
செய்தேன். ஃபேன் கேட்கிறது, டிராக்டர் கேட்கிறது. நடுநடுவே அப்பத்தாவும் கேட்கிறார். "மாமன்" என்று முடியும் வரிகளில் அந்த ன் நீண்டு போகுமே, அந்த இழைப்பு முழுக்க நீக்கிய பக்கத்தில்தான் இருக்கிறது. "சீராட்ட" என்பதில் சீயின் தொடக்கச் சீறலும் அங்கேதான். அத்தை சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

காரைக்குடி மைக்செட்:
த்ரெஷோல்டைக் குறைத்த பிறகா, முன்னாலா?

பள்ளத்தூர் பேரன்:
முன்னால் எடுத்தது. இப்போது ஐந்து சதவீதத்தில் வைத்துப் பார்த்தேன். ன் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சீறல் இன்னும் கொஞ்சம் அங்கே இருக்கிறது.

காரைக்குடி மைக்செட்:
அப்போ ப்ளகின் மேல் போட்ட பழியில் பாதி தள்ளுபடி. சீறலுக்குக் காரணம் உண்டு: ச, ஸ எல்லாம் அலைவடிவில் இரைச்சலைப் போலவே இருக்கும், எந்த மாடலும் அங்கே தடுமாறும்.

பட்டாலை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஃபேனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தம்பி பதிவு செய்தது பட்டாலையில். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, மேலே உயரமான கூரை. அங்கே தும்மினால் வளவு, அதாவது உள்முற்றம், முழுக்கக் கேட்கும். அந்த எதிரொலியும் அப்பத்தாவின் குரலேதான், அதனால் நாய்ஸ் சப்ரஷனுக்கு அது இரைச்சலாகவே தெரியாது. சில இடத்தில் விட்டுவிடும், சில இடத்தில் குரலோடு சேர்த்து வெட்டிவிடும். கூடம் ஒரு நொடி இருக்கும், அடுத்த நொடி காணாமல் போகும். "குரலு மாதிரியே இல்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இது என்பேன்.

மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

பள்ளத்தூர் பேரன்:
தொட்டிலுக்கு இந்தப் பக்கம், ஒரு மூன்றடி இருக்கும்.

பட்டாலை:
ஒரு சாணுக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். மூன்றடியிலிருந்து முக்கால் அடி என்றால் நாலில் ஒரு பங்கு, ஆக 12 டெசிபல். ஃபேன் இருக்கும் இடத்திலேயே இருக்கும், குரல் மட்டும் முன்னே வந்துவிடும். ப்ளகின் கஷ்டப்பட்டுச் செய்வதை மைக்கை நகர்த்தியே முடித்துவிடலாம்.

கூடத்தை விட்டு வளவு ஓரத்து அறைக்குள் போனால் இன்னும் உத்தமம். டிரங்குப்பெட்டி, மெத்தை, பாய்ச்சுருள் என்று அடைத்துக் கிடக்கும் அறைதான் நமக்கு ஸ்டூடியோ. வெறும் சுவர் தெரிந்தால் போர்வையைத் தொங்கவிடுங்கள்.

கோட்டையூர்க்காரி:
அறைக்குள் போனால் தொட்டில்?

பட்டாலை:
தொட்டில் எதற்கு ஆச்சி? பிள்ளையை மடியில் போட்டுப் பாடச் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரி:
தொட்டில் இல்லாமல் பாடினால் அப்பத்தா வேகமாகப் பாடிவிடுவார். எங்கள் ஆயாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னபோது கடமைக்கு ஒப்பித்தார்கள். பட்டாலையிலேயே மைக்கை நெருக்கி வைத்து எடுங்கள், எதிரொலி கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டின் சத்தம் அது.

அக்கரைச்சீமை:
சங்கிலிக் கிறீச்சும் இருக்கட்டும் என்பீர்கள்!

கோட்டையூர்க்காரி:
இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

காரைக்குடி மைக்செட்:
நான் எண்ணெய் போடுவேன்.

சரி, கையில் இருக்கும் பதிவுகளுக்கு வருவோம். இன்வெர்ட்டரில் ஓடிய பகுதியை முதலில் தனியாகப் பிரியுங்கள். சுத்தமான சைன் அலை தராத இன்வெர்ட்டர் என்றால் ஃபேன் உறுமும், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 எல்லாமும் எழும். இதற்கு ஆர்என்நாய்ஸ் எதற்கு? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அப்பத்தா குரல் அவ்வளவு கீழே இறங்காது. 100, 150-க்கு ஒடுக்கமான நாட்ச், அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிகட்டி. அதற்குப் பிறகு ப்ளகின், த்ரெஷோல்ட் அடியில். சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் போடுவதாக இருந்தால் எல்லாம் முடிந்து கடைசியில். முதலிலேயே போட்டால் வரிக்கு வரி இரைச்சல் ஏறி இறங்கும், ப்ளகின் குழம்பிப்போகும். ப்ளகின் முழுக்க வேலை செய்யவும் வேண்டாம், மூலத்தில் கொஞ்சம் கலந்துவிடுங்கள். லேசான ஃபேன் காற்று குரலுக்கு அடியில் இருந்தால் வெட்டின இடம் காதுக்குத் தெரியாது.

கோட்டையூர்க்காரி:
ஃபேன் காற்றை யாரும் ஆராயப் போவதில்லை என்று சொன்ன வாயா இது?

காரைக்குடி மைக்செட்:
ஆராயச் சொல்லவில்லை ஆச்சி, அடியில் கிடக்கட்டும் என்றேன். அடுத்த தடவை ஃபேனையே நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், நம் இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

பள்ளத்தூர் பேரன்:
சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தினால் அப்பத்தா பாட மாட்டார், திட்டுவார். பனையோலை விசிறியால் நான் வீசுகிறேன் என்றேன். அதுவும் சரசரவென்று மைக்கில் விழுகிறது.

பட்டாலை:
விடியற்காலையில் எடுங்கள். விசிறியை நனைத்து வீசினால் சரசரப்பு குறையும்.