குலுக்கலில் கிடைத்த இடத்தை வேறொரு கேந்திரிய வித்யாலயாவுக்கு மாற்றித் தரக் கேட்பது நியாயமா?

கேள்வி: இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்

வணக்கம். என் மகள் சென்னையில் ஒரு கேந்திரிய வித்யாலயாவில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் தனியார் நிறுவனத்தில் ஓட்டுநர் என்பதால் சேர்க்கைக்கான முன்னுரிமைப் பட்டியலில் எங்களுக்குக் கடைசியான ஐந்தாம் பிரிவுதான். கல்வி உரிமைச் சட்டப்படி ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கான குலுக்கலில் அவள் பெயர் வந்ததால் மட்டுமே அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

நாங்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இப்போது தாம்பரத்துக்கு அப்பால் குடிபெயர்ந்திருக்கிறோம். விடிவதற்கு முன்பே குழந்தையை எழுப்பி, பேருந்தும் மின்தொடர் வண்டியும் மாறி அழைத்துச் செல்கிறேன். புதிய வீட்டுக்கு அருகிலும் ஒரு கேந்திரிய வித்யாலயா இருப்பதால் அங்கே மாறுதல் கேட்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பள்ளிக்கான குலுக்கலில் பெயர் வராமல் போன பிள்ளைகள் இதே தெருவில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. வேறு ஊர்ப் பானையில் எடுத்த சீட்டை இங்கே கொண்டுவந்து நீட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி ஆகாதா? விதியை மட்டும் அல்லாமல் நியாயத்தையும் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, இப்பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் இரண்டு வகை மாறுதல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1963இல் படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதை ஏற்று இத்திட்டம் தொடங்கப்பட்டதே, பணிமாறுதலால் ஊர் ஊராகச் செல்லும் படைவீரர், மத்திய அரசு ஊழியர் ஆகியோரின் பிள்ளைகளுடைய படிப்பு நடுவில் அறுபடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே தந்தையோ தாயோ பணிமாறுதல் பெற்று வேறு ஊருக்குச் சென்றால், ஒரு கேந்திரிய வித்யாலயாவின் மாற்றுச் சான்றிதழைக் கொண்டு இன்னொன்றில் சேர்வது எளிது. ஒரே ஊருக்குள் பள்ளி மாறுவது அப்படியல்ல. அதற்கு மண்டலத் துணை ஆணையரின் முன் அனுமதி வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு காரணமின்றி வந்ததன்று. முதல் வகுப்புக்கு ஒரு குழந்தைக்காக மூன்று பள்ளிகள் வரை விண்ணப்பிக்கலாம். சென்னையில் தீவுத்திடல், அசோக் நகர், கில் நகர், ஆவடி, தாம்பரம் எனப் பல இடங்களில் இப்பள்ளிகள் உள்ளன. எல்லாவற்றிலும் போட்டி ஒரே அளவில் இருப்பதில்லை. உள்ளூர் மாறுதலுக்குத் தடை இல்லையென்றால், போட்டி குறைந்த பள்ளியில் நுழைந்து ஆறே மாதத்தில் விரும்பிய பள்ளிக்கு மாறிவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுவார்கள். குலுக்கலுக்குப் பிறகு அப்படியொரு பின்வாசல் திறந்திருந்தால், குலுக்கல் நடத்தியதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

உங்கள் நிலை வேறு. நீங்கள் வசித்த பகுதியில் விண்ணப்பித்து, அங்கேயே இடம் பெற்று, அங்கேயே சேர்ந்தீர்கள். வீடு கைமாறியது உங்கள் திட்டத்தால் அன்று. காரணத்தை ஆவணங்களுடன் எழுதிக் கேட்பதில் பிழை எதுவும் இல்லை என்பது என் கருத்து.

மறுமொழி: படைவீரரின் மனைவி

என் மகன் ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் நான்கு மாநிலங்களில் படித்துவிட்டான். பணிமாறுதல் வழியாக வரும் பிள்ளைகள் குலுக்கல் இல்லாமல் நுழைகிறார்கள் என்று சிலர் வருந்துவது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகக் குலுக்கலில் நிற்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற ஒன்றே நிலைக்காது. முன்னுரிமைக்குக் கடந்த 7 ஆண்டுகளின் மாறுதல்களை எண்ணும்போதுகூட, குறைந்தது 20 கிலோமீட்டர் தொலைவும் ஓரிடத்தில் ஆறு மாதப் பணியும் இருந்தால்தான் அது கணக்கில் வரும். சகோதரி, உங்கள் மகள் விடியுமுன் எழுந்து போவதைப் படித்தபோது மனம் கனத்தது. தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

மறுமொழி: காத்திருப்போர் பட்டியலில் இருந்த சிறுவனின் தந்தை

என் மகனின் பெயர் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டது. ஆகவே நான் மறுபக்கத்திலிருந்து பேச வேண்டியவன். இருந்தும் உங்கள் மீது எனக்கு வருத்தம் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையில் ஒரு குழந்தையைவிட இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுக்க, குலுக்கல் போன்ற தற்செயல் முறையைத் தவிர வேறெந்த வடிகட்டலும் கூடாது என்கிறது. ஐந்து வயதுக் குழந்தையை அமரவைத்துக் கேள்வி கேட்டும், பெற்றோரின் ஆங்கிலத்தை அளந்தும் இடம் கொடுத்த பழக்கத்தை நிறுத்தவே அந்தப் பிரிவு எழுதப்பட்டது. அதை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் குலுக்கல் நியாயமாக நடந்தது என்று சொல்லும்போது, பானைக்குள் யாருடைய ஓலைகள் இருந்தன என்றும் கேட்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், விவரமறியாச் சிறுவன் சபையோர் நடுவே ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லாரும் கேட்க வாசித்தான். எடுப்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆயினும் பொதுவாக, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவரின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் சென்றது.

கேந்திரிய வித்யாலயாவிலும் இதைப் பார்க்கிறோம். 40 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், 10 இடங்கள் 25 விழுக்காட்டுக் குலுக்கலுக்குப் போகும்; மீதியில் மத்திய அரசு ஊழியர் தொடங்கி வரிசையாக நிரப்பி வரும்போது, ஐந்தாம் பிரிவுக்கு எட்டுவது பெரும்பாலும் வெறும் தட்டுதான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்றிருந்த ஒதுக்கீட்டை 2022இல் நீக்கியது நல்ல செயல். உள்ளூர் மாறுதலிலும் அதே தெளிவு வர வேண்டும். எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் எத்தனை இடங்கள் காலி, எத்தனை பேர் மாறுதல் கேட்டார்கள், எந்தக் காரணத்துக்காக யாருக்குக் கிடைத்தது என்பதைப் பெயர் குறிப்பிடாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் அங்கும் குலுக்கலாம்.

சட்டத்தின் 5ஆம் பிரிவு தரும் பள்ளி மாறும் உரிமை கேந்திரிய வித்யாலயாக்களுக்குப் பொருந்தாது. ஆகவே நீங்கள் உரிமையாகக் கோர முடியாது; வேண்டுகோளாகவே வைக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சிறுமியைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கு ஒரு விளக்கம் தருகிறேன். முதல் வகுப்புக் காத்திருப்போர் பட்டியல் அடுத்த ஆண்டுக்குத் தொடராது. இரண்டாம் வகுப்பு முதல், காலியிடம் இருந்தால் மட்டும் புதிதாகப் பதிவு செய்து, முன்னுரிமை வரிசைப்படி நிரப்புவார்கள். ஆகவே நீங்கள் ஒதுங்கி நின்றாலும் அந்த இடம் அவளுக்குத்தான் போகும் என்று சொல்ல முடியாது.

கேட்டவரின் பதில்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, கடைசியாக நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமியின் இடத்தைப் பறிப்பதாகவே இதுவரை எண்ணியிருந்தேன். இந்தக் கல்வியாண்டு முடியும்வரை மகளைப் பழைய பள்ளிக்கே அழைத்துச் செல்கிறேன். ஏப்ரலில் மூன்றாம் வகுப்புக் காலியிடங்கள் தெரிந்த பிறகு, வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணைத்துத் துணை ஆணையருக்கு எழுதுவோம். மூன்றாம் வகுப்புப் பதிவு நடக்கும் நாளை அடுத்த வீட்டாருக்கும் இன்று மாலையே சொல்லிவிடுகிறேன். அப்படியொரு வழி இருப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்காது.