கையை எடுத்தும் நிற்காத வண்டி: மொபிலிட்டி ஸ்கூட்டர் அனுபவப் பகிர்வு

மூத்தமகள்:

அம்மாவுடையது நான்கு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி. ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தோம். வழியை மறைக்கிறது என்று யாரோ இரண்டு பிள்ளைகள் பின்பக்கத்து ஃப்ரீவீல் லீவரை, அதாவது பிரேக்கை விடுவித்து வண்டியைக் கையால் உருட்ட உதவும் லீவரை, தட்டிவிட்டு ஓரமாக உருட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். லீவரைத் திரும்பப் போட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அவர்கள் நிறுத்திய இடம் ரேம்ப்பின் மேல்முனை. அங்கே தரை மட்டமாக இருந்ததால் வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது. அம்மா ஏறி உட்கார்ந்த அசைவில் முன்சக்கரம் சரிவில் இறங்கிவிட்டது. இந்த வண்டியை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நிறுத்த வேண்டுமென்றால் ஹேண்டிலில் இருக்கும் ஓட்டும் லீவரிலிருந்து கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து என்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். "நான் எதையும் தொடலையே, நிக்க மாட்டேங்குதே!" வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஹேண்டிலைப் பிடிக்க ஆளில்லாமல் அது தானாக ஒரு பக்கம் திரும்பி, ரேம்ப்பின் ஓரக் கம்பியில் உரசி நின்றது. காயம் எதுவும் இல்லை.

அந்த விரித்த கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. இப்படி ஆபத்தான ஒரு லீவரை யார் வேண்டுமானாலும் தட்டும்படி வெளியே ஏன் வைக்கிறார்கள்? வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மாலைநடை:

நான் பார்த்தது ஃப்ரீவீல் லீவரால் அல்ல, சாவியால். மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது எனக்கு நேர் எதிரே ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தினார். சாவியை அணைக்கவில்லை. இறங்குவதற்காக ஹேண்டிலைப் பிடித்து அழுத்தி எழுந்தார். உள்ளங்கை ஓட்டும் லீவரில் பதிந்ததும் வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். கீழே விழும்போதும் பிடியை விடவில்லை, பயத்தில் இன்னும் இறுக்கினார். அதனால் வண்டி இன்னும் முன்னால் போனது. பக்கத்திலிருந்த நர்ஸ் பாய்ந்து சாவியைத் திருகினார்.

ஏறும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும், இறங்கும்போதும் அணைந்திருக்க வேண்டும். சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி, 'டக்' என்று பூட்டு விழுந்த பிறகு சீட்டின் கைப்பிடியை ஊன்றி எழ வேண்டும். ஹேண்டில் ஊன்றுகோல் இல்லை.

ஸ்பேனர்:

மூத்தமகள், உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாததில் நிம்மதி. ஆனால் ஃப்ரீவீல் லீவரை ஆபத்து என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலையைக் கடக்கும்போது நட்டநடுவில் பேட்டரி தீர்ந்து நின்றுபோன ஒருவரை நான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அந்த லீவர் இல்லையென்றால் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. பெரிய மாடல்கள் பேட்டரியோடு 100 கிலோவைத் தாண்டும், தூக்கவும் முடியாது. என் கதை இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியின் பிரேக் மோட்டாரோடு சேர்ந்த மின்காந்த பிரேக். மின்சாரம் வரும்போதுதான் அது பிடியை விடும். மின்சாரம் நின்றதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கையை எடுத்தால் முதலில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, கடைசியில் 'கிளிக்' என்று பிரேக் விழுகிறது. பேட்டரி செத்தாலும் வண்டி உருளாமல் நிற்பதற்குக் காரணமும் இதுதான். ஃப்ரீவீல் லீவரைத் தட்டினால் சக்கரத்துக்கும் இந்தப் பிடிப்புக்கும் சம்பந்தம் அறுந்துவிடும். தட்டிய பிறகு சரிவில் அது பிரேக்கே இல்லாத வண்டி. சாவியைப் போட்டால் பெரும்பாலான மாடல்கள் பீப் அடித்து, ஓட மறுக்கும். ஆனால் ஓட மறுப்பது வேறு, உருளாமல் நிற்பது வேறு. சில மாடல்களில் ஹேண்டிலில் தனியாகக் கை பிரேக் இருக்கும், அது இருந்தால் கொடுத்து வைத்தவர்கள்.

ஆகவே ஏறுவதற்கு முன், சாவி அணைந்திருக்கும்போது, சீட்டின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் ஏறாதீர்கள். குனிந்து லீவரைத் தேட முடியாதவர்களும் இதைச் செய்யலாம். அப்புறம், யாராவது உட்கார்ந்திருக்கும்போது அந்த லீவரைத் தொடவே கூடாது. சரிவில் ஆள் இல்லாவிட்டாலும் தொடக் கூடாது.

இன்னொன்று, ஓடும்போது சாவியை அணைக்காதீர்கள். மெதுவாக நிற்காது, பிரேக் ஒரே அடியாக விழும். உட்கார்ந்திருப்பவர் ஹேண்டில் மேல் போய் மோதுவார்.

வெள்ளைக்காகிதம்:

ஸ்பேனர், கடைசியில் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியாது. ஓட்டும் லீவர் சிக்கி, கையை எடுத்தும் நிற்காத நேரத்தில் சாவிதான் கடைசி வழி.

என் கணவர் லிஃப்டுக்குள் இருந்தார். ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கதவு மூடும்போது பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் காது ஓட்டும் லீவரில் மாட்டிக்கொண்டது. வண்டி அவரைச் சுவரோடு வைத்து அழுத்துகிறது. "கையை எடுங்க, கையை எடுங்க" என்று நான் கத்துகிறேன். அவர் எப்போதோ எடுத்துவிட்டார். முழங்கால் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது, சக்கரம் தரையைத் தேய்க்கிற சத்தம் கேட்கிறது, ரப்பர் வாசனை வருகிறது. நான் எட்டிச் சாவியை அணைத்தேன். அணைக்காதீர்கள் என்ற உங்கள் வரியை அன்று படித்துவிட்டுப் போயிருந்தால் தயங்கியிருப்பேன்.

ஹேண்டிலில் எதையும் தொங்கவிடாதீர்கள். முன்கூடை அதற்காகத்தான் இருக்கிறது. தொங்கும் துப்பட்டா, நீளமான சட்டைக் கை, மழைக்கோட்டின் நாடா எல்லாமே இதே வேலையைச் செய்யும்.

ஸ்பேனர்:

நீங்கள் செய்ததுதான் சரி. ஓட்டும் லீவர் சிக்கிக்கொண்டால் சாவியை அணைத்தே ஆக வேண்டும். வழக்கமாக நிறுத்துவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன். இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம்தான். லிஃப்டுக்குள் போகும் முன் வேகக் குமிழை ஆமைப் படத்துக்குத் திருப்பிவிடுங்கள். எது சிக்கினாலும் வேகம் குறைவாக இருக்கும்.

நிழற்குடை:

எங்களை ஏமாற்றியது பேட்டரி முள். மாமனார் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த காலம் முழுக்க வண்டி சும்மா நின்றது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சாவியைப் போட்டுப் பார்த்தார், முள் பச்சையின் கடைசியில் நின்றது. சந்தோஷமாகக் கிளம்பினார். மேம்பாலத்துச் சாய்வுப்பாதையில் பாதி ஏறும்போது முள் பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு என்று கண்ணெதிரே சரிந்தது. பின்னாலேயே நடந்து வந்த நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, "நான் எதுவும் பண்ணலம்மா" என்றார். அந்தக் குரல்தான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு வந்த ஆள் இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் மாற்றினார். அதுவும் சீக்கிரமே போய்விட்டது. இப்போதெல்லாம் சார்ஜ் முழுக்கத் தீரும் வரை ஓட்டிவிட்டுத்தான் போடுகிறோம், அதுதான் பேட்டரிக்கு நல்லது என்று சொன்னார்கள்.

ஸ்பேனர்:

யார் சொன்னார்கள்? தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடுவது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன பேச்சு. ஸ்கூட்டரில் பெரும்பாலும் இருப்பது மூடிய லெட் ஆசிட் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட். இதைத் தீர்த்துப் போட்டால் ஆயுள் குறையும். தீர்ந்த நிலையில் அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜே ஏறாது. உங்கள் மாமனாரின் பேட்டரிக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

பக்கத்துத் தெரு வரை போய் வந்தாலும் அன்று இரவு சார்ஜில் போடுங்கள். 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம். பச்சை விளக்கு வரும் வரை நடுவில் பிடுங்காதீர்கள். ஓட்டாத மாதத்திலும் ஒரு முறையாவது முழுக்க ஏற்ற வேண்டும். முழுக்க ஏறி, சில மணி நேரம் ஓய்ந்த ஜோடி மல்டிமீட்டரில் ஏறத்தாழ 25.5 வோல்ட் காட்டும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வோல்ட்டை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது, முள் ஏமாற்றுவதும் அதனால்தான். உள்ளே கெட்டுப்போன பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும், மேட்டில் மோட்டார் இழுத்ததும் படுத்துவிடும். அதனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுத்தால் வாசலைச் சுற்றியே கொஞ்ச நேரம் ஓட்டி, ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மாற்றினால் இரண்டையும் ஒன்றாக, ஒரே வகை, ஒரே ஆம்பியர் அளவில் மாற்ற வேண்டும். பழையது பலமில்லாமல் இருந்தால் ஜோடி சமமாகச் சார்ஜ் ஏறாது, புதியதையும் கெடுத்துவிடும். லித்தியம் பேட்டரி வைத்த வண்டி என்றால் கணக்கு வேறு, அதற்குரிய சார்ஜரை மட்டும் போடுங்கள். வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் வைத்து அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எந்த வகையானாலும் சார்ஜரைத் துணியால் மூடாதீர்கள், வீட்டைவிட்டு வெளியே ஓடும் வழியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும்.

நிழற்குடை:

சரி, இன்றே மாற்றிக்கொள்கிறோம். வோல்ட் எல்லாம் எனக்குப் புரியாது, வாசலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது புரிகிறது.

தோட்டக்காரர்:

மூன்று சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியப்பா நடைபாதையிலிருந்து கார் இறங்கும் சரிவைக் குறுக்கே கடந்து, அதே வேகத்தில் திரும்பினார். மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை, முன்னால் பார்த்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே போகிறார். பின்னால் வரும் எனக்கு மட்டும் சக்கரத்தின் அடிப்பக்கம் முழுதாகத் தெரிகிறது, இடையில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. கத்தினால் திடுக்கிட்டு ஹேண்டிலை ஒடித்துவிடுவார். ஓடிப்போய் சீட்டின் அந்தப் பக்கத்தைப் பிடித்து முழு எடையையும் போட்டு அழுத்தினேன்.

முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் சின்ன இடத்தில் அழகாகத் திரும்பும், அதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் திரும்பும்போது சாயத் தொடங்கினால் முன்னால் தாங்க எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்கள் பின்பக்கமாகக் கவிழாமல் இருக்க மட்டுமே உதவும், பக்கவாட்டுக்கு உதவாது. திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், திரும்பும்போது அல்ல. சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள், நடுவில் திரும்பாதீர்கள். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்தால் போதும், வண்டி எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். சீட்டின் முதுகில் கனமான பை தொங்கவிட்டால் அத்தனையும் பின்னோக்கி இழுக்கும். எத்தனை டிகிரி சரிவு வரை போகலாம் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளுக்கு அது 6 முதல் 10 டிகிரிக்குள்தான், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற சரிவே அதைத் தாண்டிவிடும்.

படிக்கட்டுத்தோழன்:

தெரிந்தவர் வீட்டில் பஞ்சர் ஒட்ட வந்தவர் காற்றை இறக்காமலே ரிம்மின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். பல ஸ்கூட்டர்களில் ரிம் இரண்டு பாதியாகப் போல்ட் போட்டு இணைத்தது. உள்ளே காற்று இருக்கும்போது கழற்றினால் இரண்டு பாதியும் வெடித்துப் பறக்கும். அவர் இரண்டாவது போல்ட்டைத் திருகும்போது வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். வால்வைத் திறந்ததும் வந்த காற்றின் சத்தத்தைக் கேட்டுப் பஞ்சர்காரரின் முகம் வெளுத்துவிட்டது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும்.

மூத்தமகள்:

ஸ்பேனர் சொன்னபடி இனி தள்ளிப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லிவிட்டேன். லீவரைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. தேவையான பொருள்தான், ஆனால் போட்டிருக்கிறதா இல்லையா என்பது உட்காருகிறவருக்கு ஹேண்டிலிலேயே தெரிய வேண்டும். இப்போதைக்கு சீட்டின் முதுகில் பெரிய எழுத்தில் 'உருட்டினால் லீவரைத் திரும்பப் போடவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மழையில் நனைவதைப் பற்றி யாருக்காவது தெரியுமா? அம்மா சாரலிலும் போய்விடுகிறார்.

வெள்ளைக்காகிதம்:

சாரலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஹேண்டிலின் மேல்பெட்டியை மூடிவிடுங்கள். சாவித் துளை, லீவர், குமிழ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், மோட்டார் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழுவுகிறேன் என்று குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவும் கூடாது.

புதியவன்:

நான் ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான். நிறுத்தத்திலிருந்து ஒரு கார் பின்னோக்கி வந்தது. ஓட்டுநர் தலையைத் திருப்பி நேராக என் பக்கம்தான் பார்த்தார், நான் கையை ஆட்டினேன், கார் வந்துகொண்டே இருந்தது. அவர் பார்வை என் தலைக்கு மேலே போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஹாரனை அழுத்தினேன், அது அவ்வளவு சன்னமான ஹாரன். பம்பர் என் முன்கூடையைத் தொட்டு நின்றது. உயரமான கொடி ஒன்று கட்டலாம் என்று நினைக்கிறேன், லிஃப்டில் இடிக்குமா?

தோட்டக்காரர்:

இடிக்கும். இரண்டு துண்டாகக் கழற்றும் கம்பியாகப் பார்த்து வாங்கி, சீட்டுக்குப் பின்னால் கட்டுங்கள். ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள். இருட்டிய பிறகு போவதானால் கொடி போதாது, பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டையும் ஒட்டிவிடுங்கள்.