கடலை நிரப்பிக் கட்டிய ரன்வே: பி.வி.டி. போட்ட பிறகும் நிலம் ஏன் இறங்குகிறது?

கேள்வி

ஜப்பானின் கோபே, கிடாக்யூஷூ விமான நிலையங்கள் மாதிரி, கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் 2,500 மீட்டர் ரன்வே என்று வைத்துக்கொள்வோம். கடலடியில் 20 மீட்டர் மென்களிமண். பி.வி.டி. (களிமண்ணில் செங்குத்தாகச் செருகும் பட்டை வடிகால்) இறக்கி, சர்சார்ஜ் மண் (இறக்கத்தை முன்கூட்டியே வரவழைக்கும் தற்காலிகக் கூடுதல் சுமை) ஏற்றி, 90 சதவீதம் கன்சாலிடேஷன் (தண்ணீர் வெளியேறிக் களிமண் இறுகுவது) முடிந்த பிறகுதான் தார் போடுகிறார்கள். அப்படியும் திறந்த பிறகு நிலம் இறங்குவது ஏன்? 90 சதவீதம் என்ற கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில் 1

முதலில் பி.வி.டி. எதற்கு என்று பார்த்துவிடலாம். களிமண்ணின் சிவி (செங்குத்தாக நீர் வடிந்து இறுகும் வேகத்தின் அளவு) வருடத்துக்கு 1 சதுர மீட்டர், மேலும் கீழும் தண்ணீர் வடியும் என்று எடுத்தால், 90 சதவீதம் முடிய 0.848 (90 சதவீதத்துக்கான கால எண்) × 10² (நீர் வடியும் தூரம், 20 மீட்டரில் பாதி) ÷ 1, அதாவது 85 வருடம். பி.வி.டி.யை 1.3 மீட்டர் முக்கோண இடைவெளியில் இறக்கினால் தண்ணீர் பக்கவாட்டில் அரை மீட்டர் சொச்சம் நகர்ந்தால் போதும். சிஎச் (பக்கவாட்டில் வடிவதற்கான அதே அளவு) 2 என்று வைத்தால் 7 மாதத்தில் 90 சதவீதம் வந்துவிடும். ஆனால் மேண்ட்ரல் (பி.வி.டி.யை உள்ளே தள்ளும் இரும்புக் குழல்) இறங்கும்போது சுற்றியுள்ள களிமண்ணைக் குழப்பிவிடுகிறது. அந்த ஸ்மியரைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஸ்மியரை விட்டுவிட்டுப் போட்ட அட்டவணைதான் பல இடங்களில் முதல் தவறு.

இப்போது உங்கள் கேள்வி. 90 சதவீதம் என்பது அந்த அடுக்குக்கு, அந்தச் சுமைக்கு மட்டும். அதற்குக் கீழே இன்னொரு களிமண் அடுக்கு இருந்தால் பி.வி.டி. அதைத் தொடவே இல்லை. 1994-ல் திறந்த ஜப்பானின் கான்சாய் விமான நிலையத்தில் நடந்தது இதுதான். மேலடுக்கு மணல் வடிகால்களால் சீக்கிரமே இறுகிவிட்டது. வடிகால் எட்டாத ஆழத்தில் உள்ள பழைய களிமண் அடுக்குகள்தான் இன்னும் இறங்குகின்றன. ஆகவே போர்ஹோலை (மண் சோதனைத் துளை) மென்களிமண் முடிந்த இடத்தோடு நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 3 மீட்டர் சர்சார்ஜ் என்றால் 54 கிலோபாஸ்கல். நிலம் 2 மீட்டர் இறங்கினால் அந்த அளவு நிரப்பு மண் நீர்மட்டத்துக்குக் கீழே போய், மிதப்பு விசையால் சுமார் 20 கிலோபாஸ்கல் குறைந்துவிடும். இறங்கிய அளவுக்கு மண்ணை மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் ரன்வேக்கு மொத்த இறக்கத்தைவிட இடத்துக்கு இடம் மாறுபடும் இறக்கம்தான் பெரிய எதிரி. ஒரு மீட்டர் சீராக இறங்கினால் விமானத்துக்குத் தெரியாது (கடல்சுவரின் உயரத்துக்குத்தான் அது கவலை). 30 மீட்டர் தூரத்துக்குள் சரிவு மாறினால் தெரியும். பெரிய ரன்வேக்கு ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) பரிந்துரைப்பது 30 மீட்டருக்கு அதிகபட்சம் 0.1 சதவீதச் சரிவு மாற்றம். புதுப் பரப்பில் 3 மீட்டர் நேர்க்கோலை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

எங்கே மாறுபடும்? பாக்ஸ் கல்வர்ட் (பெட்டி வடிவ கான்கிரீட் நீர்வழி) குறுக்கே போகும் இடம், கடல்சுவரை ஒட்டிய பகுதி, சர்சார்ஜ் இரண்டு கட்டமாக வைத்த எல்லைக்கோடு. மழை விட்டதும் போய்ப் பாருங்கள், கல்வர்ட்டின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் தண்ணீர் கட்டி நிற்கும். சர்வே கருவி சொல்வதற்கு முன்பே அந்தக் குட்டை சொல்லிவிடும். இதனால்தான் இங்கெல்லாம் கான்கிரீட்டைவிட தார் ரன்வே வசதி. இரவில் மூடி, இறங்கிய இடத்தை மில் செய்து (மேற்பரப்பைச் சுரண்டி), ஓவர்லே (புதுத் தார் அடுக்கு) போட்டு, காலையில் திறந்துவிடலாம். கான்கிரீட் ஸ்லாபின் அடியில் வெற்றிடம் விழுந்தால் மூலை உடையும்.

கட்டிடத்துக்கு வழி வேறு. கான்சாய் டெர்மினலில் தூண்களை ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகிச் சமன் செய்கிறார்கள்.

பதில் 3

கடல்சுவரை மறந்துவிட வேண்டாம். கல் அணைக்கும் நிரப்பு மணலுக்கும் நடுவே விரிக்கும் ஜியோடெக்ஸ்டைல் (நீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) ஒரு இடத்தில் கிழிந்தாலோ, ஓவர்லேப் விலகினாலோ, ஒவ்வொரு வற்றத்திலும் கொஞ்சம் மணல் வெளியே போகும். மேலே புல் அப்படியே இருக்கும். உள்ளே குகை வளர்ந்து ஒரு நாள் பொத்தென்று விழும். பெரிமீட்டர் ரோட்டில் சுவருக்கு இணையாக மெல்லிய விரிசல் தெரிந்தாலே தோண்டிப் பார்த்துவிடுங்கள்.

நிலநடுக்கப் பகுதி என்றால் திரவமாதலும் (அதிர்வில் ஈர மணல் திரவம் போல் ஆவது) உண்டு. 1995 கோபே நிலநடுக்கத்தில் போர்ட் ஐலண்ட் என்ற செயற்கைத் தீவின் நிரப்பு மண் தண்ணீராய்க் கொதித்து மேலே வந்தது. அதிர்வால் இறுக்கியிருந்த பகுதிகளில் பாதிப்பு குறைவு. பி.வி.டி. களிமண்ணுக்கான மருந்து. மேலே கொட்டிய தளர்ந்த மணலுக்குத் தனியாக வைப்ரோ கம்பாக்ஷன் (அதிர்வால் இறுக்குதல்) வேண்டும்.

கேட்டவர்

நன்றி. துருக்கியில் 2022-ல் திறந்த ரீஸே-ஆர்ட்வின் விமான நிலையம் மாதிரி குவாரிக் கல்லால் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லையா?

பதில் 1

கல் நிரப்பு தன் எடையில் பெரும்பாலும் கட்டும்போதே இறங்கிவிடும், தண்ணீர் அழுத்தமும் உள்ளே தேங்காது. ஆனால் அடியில் மென்களிமண் இருந்தால் கல்லானாலும் மணலானாலும் அது இறங்கத்தான் செய்யும். கல் நிரப்பு மணலைவிடக் கனமாக இருந்தால் கூடுதலாகவே இறங்கும். அதோடு, பெரிய கல் கொட்டிய பிறகு பி.வி.டி. மேண்ட்ரல் உள்ளே இறங்காது. வடிகால் தேவையா என்பதைக் கல் கொட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இறுதி இறக்கத்தை ஆசாவோகா முறையில் (இறக்க அளவீடுகளின் வரைபடத்தை நீட்டிக் கணிப்பது) கணிக்கும்போது, 60 சதவீதம் கன்சாலிடேஷன் தாண்டிய அளவீடுகளை மட்டும் சம கால இடைவெளியில் எடுங்கள். அதற்கு முந்தியவற்றைச் சேர்த்தால் கணிப்பு குறைவாக வரும். பக்கத்திலேயே பீசோமீட்டரும் (மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி) பாருங்கள். இறக்கம் நின்றது போலத் தெரிந்தும் நீரழுத்தம் குறையாமல் இருந்தால் பி.வி.டி. மடங்கியிருக்கலாம், அல்லது மேலே விரித்த மணல் மெத்தையில் சேறு அடைத்திருக்கலாம். அந்த நிலையில் சர்சார்ஜை எடுக்கக் கூடாது.